வெறுங்கையோடு இரண்டு மைல்

ஒரு பிள்ளைக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை அந்தப் பிள்ளையே தூக்க வேண்டும். தங்கம், வெள்ளி, கேமரா எதுவும் கூடாது. பணம் என்றால் பத்து மார்க், அவ்வளவுதான். யூதப் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவைக்கிற கமிட்டி ஃப்ராங்ஃபர்ட்டில் எங்களுக்கு அனுப்பிய காகிதத்தில் இப்படித்தான் போட்டிருந்தது. என் அம்மா அந்தக் காகிதத்தை வேதம் மாதிரி நாலு தடவை படித்தாள். பிறகு பெட்டியை என் கையில் கொடுத்து, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று சுற்று நடக்கச் சொன்னாள். மூன்றாவது சுற்றில் என் தோள் சாய்ந்தது. உடனே இரண்டு பாவாடைகளை வெளியே எடுத்தாள்.

அப்பா பட்டியல் தட்டெழுதினார். மூன்று பிரதி. "கைக்குட்டை, வெள்ளை, பன்னிரண்டு, உபயோகித்தவை. காலுறை, கம்பளி, ஆறு ஜோடி, அதில் ஒன்று தைக்கப்பட்டது." தைக்கப்பட்டது என்பதையும் போட வேண்டுமா என்று நான் கேட்டேன். உண்மைதானே, போட வேண்டியதுதான் என்றார். ஒவ்வொரு துணியிலும் சிவப்பு நூலால் என் பெயரின் முதலெழுத்தைத் தைத்திருந்தாள் அம்மா. எங்களைக் கொள்ளையடிக்க வந்தவனுக்கும் எழுத்துப் பிழையில்லாமல் பட்டியல் போட்டுக் கொடுத்த ஜாதி நாங்கள். அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. தம்பி பென்னோவுக்குப் பத்து. 1939ஆம் வருடம், மே மாதம்.

என் பெட்டியின் அடியில், இரவு உடைகளுக்குக் கீழே, பழுப்பு நிற உறை ஒன்று இருந்தது. பட்டியலில் அதற்கு "காகிதங்கள், விலை எதுவும் இல்லாதவை" என்று பெயர். உள்ளே இரண்டு புகைப்படங்களும் இரண்டு சான்றிதழ்களும். ஒரு படத்தில் அம்மா வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இன்னொன்றில் அப்பா கழுத்தில் கருப்பு 'போ' டை கட்டி, முழங்கையில் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். என் அப்பா தோல் வியாபாரி. மூன்று தலைமுறைக் கடை. கடையைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, எங்கள் சபை நடத்திய வகுப்பில் சேர்ந்து, ஐம்பது வயதில், சூப்பை விருந்தாளியின் எந்தப் பக்கமிருந்து பரிமாற வேண்டும் என்று கற்றுக்கொண்டார். அம்மா இங்கிலீஷ் சமையல் கற்றுக்கொண்டாள். வீட்டு வேலைக்கு ஜோடியாக வருகிறவர்களை இங்கிலாந்து உள்ளே விடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. யாராவது ஒரு வீட்டு எஜமானி கையெழுத்துப் போட்டால் போதும்.

"ஒரு நல்ல வீடாப் பாரு," என்றார் அப்பா. "பார்த்து இந்த உறையக் குடு. மத்தத நாங்க கவனிச்சுக்கறோம். அவசரம் ஒண்ணும் இல்ல, ஹென்னி. நிதானமா செய்."

ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையைத் தாண்டிப் பெற்றவர்கள் வரக் கூடாது. அங்கேயே அம்மா என் கோட்டுப் பொத்தான்களை மறுபடி ஒருமுறை போட்டுவிட்டாள். ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. "ஓய்வுநாள மட்டும் விட்டுடாதடி. போற இடத்துல யாரு என்ன சொன்னாலும் விட்டுடாத. அது ஒண்ணு போதும் எங்களுக்கு," என்றாள். பென்னோவிடம் பல் தேய்க்கச் சொன்னாள்.

எல்லையில் ஒரு அதிகாரி ஏறி எங்கள் பெட்டிகளைக் கவிழ்த்தான். பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது அவனுக்கு எரிச்சலாக இருந்திருக்க வேண்டும். பென்னோவின் தபால்தலை ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "இது விலை உள்ள பொருள்," என்று கக்கத்தில் வைத்துக்கொண்டான். என் உறையைத் திறந்து அப்பாவின் படத்தைப் பார்த்தான். "உங்கப்பன் ஹோட்டல்ல தட்டு தூக்குறவனா?" என்று சிரித்துவிட்டு, உறையைத் திரும்பப் பெட்டியில் எறிந்தான். அந்த நாஜி கூட உறையை விட்டுவைத்தான். அதை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன்.

இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் ஒரு பழைய வீட்டில் எங்களை இறக்கினார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள், எல்லோரும் ஓய்வுநாள் கைக்கொள்கிற குடும்பங்கள். ஆளுக்கொரு கட்டில், கட்டிலுக்கடியில் ஆளுக்கொரு பெட்டி. ஒருத்தி பெட்டியில் சக்கரம் வைத்த சறுக்குக் காலணி ஒன்றே ஒன்று இருந்தது. ஜோடியின் மற்றது ஹாலந்துக்குப் போன அவள் அக்காவிடம். இன்னொருவன் அவனுடைய அம்மா சுட்ட ரொட்டியைத் தின்னவும் மாட்டான், எறியவும் மாட்டான். ஜூனில் அதை வைத்து ஆணி அடிக்கலாம் போல ஆகிவிட்டது. கமிட்டி அம்மாள்கள் பகலில் வந்து எங்கள் காதுகளைப் பரிசோதித்துவிட்டுப் போவார்கள். மற்றபடி வீட்டைப் பார்த்துக்கொண்டது சமையல்காரி மிஸஸ் கெல்பர்.

மிஸஸ் கெல்பர் போலந்துக்காரி. கல்யாணமாகி எங்கள் நாட்டில், லைப்ஸிக்கில் இருபது வருடம் இருந்தவள். முந்தின வருடம் அக்டோபரில் போலந்து யூதர்களை ஒரே நாளில் திரட்டி எல்லையில் கொண்டுபோய்க் கொட்டினார்களே, அதில் அவள் கணவனையும் கொண்டுபோய்விட்டார்கள். அவள் மட்டும் எப்படியோ இங்கே வந்து சேர்ந்தாள். சத்தமாகப் பேசுவாள், சத்தமாக மூக்குச் சிந்துவாள். எங்கள் ஃப்ராங்ஃபர்ட்டில் போலந்துக்காரர்கள் என்றால் ஒரு முகச்சுளிப்பு உண்டு. அவர்களுக்கு ஒழுங்கு கிடையாது, சட்டத்தை வளைப்பார்கள், நாம் அப்படி இல்லை என்று நினைப்பு. எங்களையும் அவர்களையும் ஒரே குச்சியால் அடிக்கிறவர்கள் வந்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. எனக்கும் போகவில்லை.

ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டதும் நான் பணக்காரத் தெருக்களுக்குப் போய்க் கதவு தட்டினேன். மனப்பாடம் செய்த இங்கிலீஷில், "என் அம்மா நன்றாகச் சமைப்பார், என் அப்பா பரிமாறுவார், தோட்டமும் பார்ப்பார்," என்று ஒப்பிப்பேன். பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். அந்த ஊரில் 'இல்லை' என்பதற்குத் தேநீர் என்று பெயர்.

கடைசியில் வழி காட்டியது மிஸஸ் டகெட். கிறிஸ்தவப் பெண்மணி. ஓய்வுநாளில் நாங்கள் நெருப்புத் தொடக் கூடாது என்பதால், சனிக்கிழமை காலையில் வந்து எங்கள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போவாள். மற்ற நாள்களில் கம்பளி ஆலைக்காரரின் மனைவி மிஸஸ் ஹோல்ராய்ட் வீட்டில் தரை துடைப்பாள். "அந்த வீட்டுச் சமையல்காரி கல்யாணம் பண்ணிட்டுப் போறாம்மா. எஜமானி ஜோடியா ஆள் தேடுறாங்க. உன் கதைய நான் சொல்லியிருக்கேன். அம்மா கொஞ்சம் கறார்தான், ஆனா மனசு கெட்டது இல்ல," என்றாள். அவள் கையைப் பிடித்து நான் முத்தம் கொடுத்தேன். அவள் பதறிப்போய்க் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஜூலை 21, வெள்ளிக்கிழமை சாயங்காலம் செய்தி வந்தது.

எங்கள் ஓய்வுநாள் வெள்ளி சூரியன் அடங்கியதும் தொடங்கி, சனி இருட்டி நட்சத்திரம் தெரியும்போது முடியும். அதற்கிடையில் வீட்டு வாசலைத் தாண்டி எதையும் சுமக்கக் கூடாது. சாவி கூடாது, ஜெபப் புத்தகம் கூடாது, சட்டைப் பையில் ஒரு கடிதம் கூடாது. உடம்பில் அணிந்தது சுமை ஆகாது. அதனால் கைக்குட்டையைக் கூட மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போவோம். லீட்ஸில் ஜூலை மாதம் சூரியன் ஒன்பதரை வரைக்கும் அடங்குவதில்லை. பசித்த பிள்ளைகளை அதுவரை உட்கார வைக்க முடியுமா? ஏழரைக்கே விளக்கேற்றி ஓய்வுநாளைத் தொடங்கிவிடுவோம். அதற்கு அனுமதி உண்டு. ஆனால் ஏற்றினவர்களுக்கு ஏற்றினதுதான், பின்வாங்கக் கூடாது. அன்று விளக்கேற்றியது நான்.

எட்டு மணிக்கு மிஸஸ் டகெட் மூச்சு வாங்க வந்தாள்.

"எஜமானி ஒத்துக்கிட்டாங்கம்மா! நாளைக்குப் பதினோரு மணிக்குக் குடும்பத்தோட கடற்கரை ஊருக்குக் கிளம்புறாங்க. ஒரு மாசம் ஆகும் திரும்ப. அதுக்கு முன்னாடி உங்கப்பா அம்மா போட்டோ, சான்றிதழ் எல்லாத்தையும் கொண்டாரச் சொன்னாங்க. பார்த்துப் பிடிச்சிருந்தா அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தபால்ல சேர்த்துடுவாங்களாம்."

நன்றி சொன்னேன். அவள் போய்விட்டாள். அவள் போகும்போது உறையை அவள் கையில் திணித்திருந்தால் இந்தக் கதை இல்லை. நான் வாசலில் நின்று எரிகிற மெழுகுவர்த்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸஸ் கெல்பர் அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "என்னடி மரம் மாதிரி நிக்கற? உறைய எடு, ஓடு. இப்பவே ஓடு."

"ஓய்வுநாள் ஆரம்பிச்சாச்சு."

"ஆரம்பிச்சாச்சா? அங்க பாரு!" ஜன்னலைக் காட்டினாள். எதிர்வீட்டுச் செங்கல் சுவரில் வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. "சூரியன் இன்னும் ஒண்ணரை மணி நேரம் அங்கேயே நிக்கும். புள்ளைங்க பசிக்காக ஏத்தின விளக்குடி இது."

"ஏத்தினது நான். எனக்கு ஆரம்பிச்சாச்சு."

"சரி, உயிருக்கு ஆபத்துன்னா ஓய்வுநாள உடைக்கலாம்னு உங்க ஃப்ராங்ஃபர்ட்ல சொல்லித் தரலியா? இல்ல, அங்கெல்லாம் உயிரே கிடையாதா, வெறும் இஸ்திரி போட்ட சட்டைதானா?"

"யாரு உயிருக்கு ஆபத்து? போன வாரம் கூட அப்பா எழுதியிருக்கார், எல்லாரும் சௌக்கியம்னு. அவசரம் இல்லன்னு."

மிஸஸ் கெல்பர் கரண்டியைக் கீழே வைத்தாள். சட்டென்று அவள் குரல் இறங்கிவிட்டது. "நவம்பர்ல உங்கப்பா எங்க போயிருந்தார்?"

"வெளியூர். வியாபார விஷயமா."

"எத்தன நாள்?"

"நாலு வாரம்."

"திரும்பி வரும்போது தலை மொட்டையா இருந்துதா?"

தங்கின விடுதியில் பேன் இருந்ததாம், அதனால் மழித்துவிட்டார் என்று அம்மா சொல்லியிருந்தாள். இரண்டு விரல் நகங்கள் இல்லாததற்கு ரயில் கதவு இடுக்கிவிட்டது என்று சொன்னாள். அந்த நவம்பரில் நாஜிகள் யூத ஆண்களைப் பிடித்து முகாம்களில் அடைத்து மொட்டையடித்தது ஊரறிந்த விஷயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். நானும் சோறு என்றே சாப்பிட்டேன். எனக்குத் தெரியாது என்று இப்போது சொன்னால் அது பொய். பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தெரியாமல் என்ன? தெரிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. ஓய்வுநாளை உடைக்கிறேன் என்றால், அவர்கள் உயிருக்கு ஆபத்து என்று நானே என் வாயால் சொன்ன மாதிரி ஆகும். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பக்தி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட குடு," என்றாள் மிஸஸ் கெல்பர். "நான் கொண்டு போறேன். பாவம் என் தலையோட போகட்டும். அங்க எனக்கு ஏற்கெனவே நிறைய இருக்கு, இதுவும் சேந்துக்கட்டும்."

"எங்க வீட்ல பாவத்துக்குக் கூலிக்கு ஆள் வைக்கிற பழக்கம் இல்ல," என்றேன்.

அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சூப்பை ஊற்றப் போனாள். அந்த வார்த்தைக்கு அவள் என்னை அறைந்திருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை அடுப்புப் பற்றவைக்க மிஸஸ் டகெட் வந்தாள். எனக்குப் புது நம்பிக்கை. வேற்று மதத்தவரை ஓய்வுநாளில் நேராக ஒரு வேலை ஏவக் கூடாது. ஆனால் ஜாடையாகச் சொல்லலாம். எங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு கலை. "அடடா, அறை குளிருதே," என்று காற்றைப் பார்த்துச் சொல்வோம், பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் சிரித்துக்கொண்டே கணப்பைப் பற்றவைப்பார். தலைமுறை தலைமுறையாக அவர்களுக்கும் அது பழக்கம். நான் உறையை எடுத்து அடுப்படி மேஜையில், மிஸஸ் டகெட் கண்ணில் படும்படி வைத்தேன். வீட்டுக்குள் சுமக்கலாம்.

"பாருங்க மிஸஸ் டகெட், இதுதான் அந்த உறை."

"ஓ, இதானா? பத்திரமா கட்டியிருக்கே."

"பதினோரு மணிக்குள்ள இது மிஸஸ் ஹோல்ராய்ட் வீட்ல இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்."

"ஆமாம்மா, நல்லாத்தான் இருக்கும்."

"யாராவது அந்தப் பக்கமா போனா..."

"எனக்கு இன்னிக்கு அந்த வீட்ல வேலை இல்லம்மா. எங்க அண்ணி வீட்டுக்குப் போறேன். நீ நேரத்தோட கிளம்பு, ட்ராம்ல கூட்டமா இருக்கும்." தீக்குச்சியை அணைத்து, அடுப்புக் கதவைச் சாத்தி, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நேர்மையான பெண்மணி. ஒரு வேலை ஆக வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்பார்கள் என்று நம்புகிற ஊரில் பிறந்தவள். அவளை நான் என்ன சொல்ல முடியும்?

பென்னோ மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, நான் எடுத்துட்டு வரேன். எனக்கு இன்னும் பதிமூணு ஆகல. சட்டம் எனக்குக் கிடையாது. பாவம் என்மேல ஒட்டாது."

"உன்ன வச்சுச் செஞ்சா எம்மேல ஒட்டும்."

"ஒட்டட்டுமே! அம்மா வந்து கழுவி விடுவாங்க."

நான் உறையைப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியைத் தலையணை உறைக்குள் போட்டேன். அவன் என் கையைக் கடித்தான். நான் அவனை அடித்தேன். பிறகு இரண்டு பேரும் முகம் கழுவிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, கைக்குட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு கிளம்பினோம். நேரில் போய் விளக்கிச் சொன்னால் எஜமானி புரிந்துகொள்வாள் என்று எண்ணம். சட்டத்தை மதிக்கிற பெண் என்று மெச்சுவாள் என்றுகூட நினைத்தேன். எங்கள் வீட்டில் அதைத்தான் மெச்சுவார்கள்.

இரண்டு மைல். ட்ராம் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனது. ஓய்வுநாளில் ட்ராமும் கூடாது.

ஹோல்ராய்ட் வீட்டு வாசலில் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு, நான் எண்ணியவரைக்கும் ஒன்பது பெட்டி, ஒரு தூண்டில், நாய்க்கென்று ஒரு தனிக் கூடை. மிஸஸ் ஹோல்ராய்ட் கையுறையை மாட்டிக்கொண்டே வந்தாள். உயரமானவள். முகத்தில் அவசரம் இருந்ததே தவிரக் கடுகடுப்பு இல்லை.

"நீதான் ஹென்னியா? நல்லவேள, கரெக்டா வந்தே. குடு பார்க்கலாம்." கையை நீட்டினாள்.

நீட்டிய கை அப்படியே இருந்தது. நான் விளக்கிச் சொன்னேன். எங்கள் ஓய்வுநாள், சுமக்கக் கூடாது, இன்று இருட்டியதும் ஓடி வந்து தருகிறேன், அல்லது அந்த ஊர் விலாசத்துக்கு நாளைக்கு அனுப்புகிறேன். என் இங்கிலீஷ் அன்று நன்றாகவே வந்தது.

அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். "கையில என்ன அடி?"

"அடி இல்ல, மேடம். கைக்குட்டை. கட்டியிருந்தா அணிஞ்ச மாதிரி. பையில வச்சா சுமந்த மாதிரி."

"ஒரு உறைய உன்னால எடுத்துட்டு வர முடியல."

"ஆமாம், மேடம்."

அவள் கையுறையின் பொத்தானைப் போட்டாள். யோசித்தாள். "உன் அம்மா சனிக்கிழமை சமைப்பாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். கைப்பையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், ஒரு பொய்யைச் சுமந்து வர எந்தத் தடையும் இல்லை. "வெள்ளிக்கிழமையே சமைச்சு வச்சுடுவாங்க, மேடம். ராத்திரி பூராவும் மெல்ல வெந்து, ரொம்ப ருசியா இருக்கும்," என்றேன்.

"சனிக்கிழமைதான் எங்க வீட்ல விருந்து. உங்கப்பா அன்னிக்குத் தட்டு எடுத்துட்டுத் தோட்டத்துக்கு வருவாரா?"

"தோட்டத்துக்குச் சுத்துச் சுவர் இருக்கான்னு பார்க்கணும், மேடம்." சுவர் சூழ்ந்த இடத்துக்குள் என்றால் சுமக்கலாம். சட்டப்படி அது சரியான பதில்.

ஓட்டுநர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். மிஸஸ் ஹோல்ராய்ட் சிரிக்கவில்லை. "பாரு குழந்தே. வியன்னாவுலேர்ந்து ஒரு ஜோடி புதன்கிழமையே எல்லாத்தையும் அனுப்பிட்டாங்க. மிஸஸ் டகெட் கெஞ்சினதுக்காகத்தான் உனக்கு நிறுத்தி வச்சேன். ஒரு மாசம் நான் ஊர்ல இல்ல. இனிமே எனக்கு நேரம் இல்ல. வருத்தமா இருக்கு. நிஜமாவே." உள்ளே போய் ஒரு காகிதப் பை நிறைய பிஸ்கட் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாங்கினால் தெருவில் சுமக்க வேண்டும். அவள் முகம் முதல் முறையாகச் சுருங்கியது. திமிர் என்று நினைத்திருப்பாள். பென்னோ முன்னால் வந்து பையை வாங்கிக்கொண்டான். "தாங்க் யூ, மேடம்," என்றான்.

இரண்டு மைலும் அவன் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெரு நடுவில் நடந்து வந்தான். கீழே வை என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஜெபக்கூடத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பிஸ்கட்டைக்கூட அவன் தொடவில்லை. விடுதிக்கு வந்ததும் பையை என் கட்டில்மேல் வைத்தான்.

"அந்த உறைய விட இது கனம்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை உறையோடு அந்த வீட்டுக்கு ஓடினேன். ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. கடற்கரை ஊருக்குத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது, உள்ளே இருந்தது எதுவும் கசங்காமல், "இடம் நிரம்பிவிட்டது" என்ற சின்னக் குறிப்போடு. வியன்னா ஜோடி ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி வந்து சேர்ந்தார்கள். மிஸஸ் டகெட் சொல்லித்தான் தெரியும். ஒருநாள் அந்தத் தெரு வழியாகப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம், நரைத்த மீசைக்காரர் ஒருவர் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பு வேறு எவன்மேலும் வந்ததில்லை, நாஜிகள் மேல்கூட. அவர் செய்த தப்பு, கேட்ட அன்றே காகிதத்தை அனுப்பியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவுக்கு நடந்தது நடந்தபடி எழுதியிருந்தேன். திட்டி வரும் என்று காத்திருந்தேன். திட்டு எனக்குத் தேவையாக இருந்தது. பதில் ஆகஸ்ட் நடுவில் வந்தது.

"அன்புள்ள ஹென்னி, நீ செய்தது சரி. ஓய்வுநாளை உடைத்து எங்களை வரவழைத்திருந்தால், வந்து இறங்கியதும் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? உன்னால் எனக்குப் பெருமை. வேறு வீடு கிடைக்கும். அவசரம் ஒன்றும் இல்லை. அப்பா."

அதன் கீழே அம்மாவின் நெருக்கமான கையெழுத்து: "ஊருக்குக் கிளம்புகிறவர்களை அப்படிக் காக்க வைத்திருக்கக் கூடாது. அந்த அம்மாளுக்கு நல்ல சமையல்காரி அமைந்தாளா? மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிப் போடு. நல்ல காகிதத்தில்."

எழுதிப் போட்டேன். நல்ல காகிதத்தில்.

அப்பா அதை நம்பித்தான் எழுதினாரா, நான் மனசு உடைந்துவிடக் கூடாது என்று எழுதினாரா? இன்று வரை எனக்குத் தெரியாது. நம்பி எழுதினார் என்றால் அவர்மேல் கோபம் வருகிறது. பொய்யாக எழுதினார் என்றால் இன்னும் அதிகமாக வருகிறது. செத்தவர்கள்மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம் என்பார்கள். பிரயோஜனத்துக்காகவா கோபப்படுகிறோம்?

இரண்டு வாரத்தில் யுத்தம் வந்தது. பிறகு செஞ்சிலுவைச் சங்கம் வழியாக இருபத்தைந்து சொல்லுக்கு மேல் போகாத தந்தி மாதிரிக் கடிதங்கள். சௌக்கியம், சௌக்கியம், பென்னோ பல் தேய்க்கிறானா. 1941 அக்டோபரில் அவர்களை ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி கொண்டுவரச் சொன்னார்களாம். அம்மா பட்டியல் போட்டிருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போலந்தில், லோட்ஸ் நகரத்தில் யூதர்களை அடைத்துவைத்த சேரியில் அப்பா அந்தக் குளிரிலேயே போய்விட்டார். அம்மா அடுத்த மே வரைக்கும் இருந்தாள். அதற்கப்புறம் ஒரு லாரி, உள்ளே ஏற்றி விஷப்புகை விட்டுக் கொல்கிற லாரி. இதெல்லாம் யுத்தம் முடிந்து வந்த ஒரு காகிதத்தில் இரண்டு வரி.

அந்தக் காகிதத்தை முதலில் படித்தது மிஸஸ் கெல்பர். "சொன்னேன்ல" என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் அதே தபாலில் ஒரு காகிதம் வந்திருந்தது.

நான் இன்னும் லீட்ஸில்தான் இருக்கிறேன். பென்னோ பஸ் ஓட்டுகிறான், சனிக்கிழமைதான் முக்கியமாக. அன்று கூலி அதிகம். ஜெபக்கூடத்தை அவன் பதிமூன்று வயதிலேயே விட்டுவிட்டான், சட்டம் அவனுக்குப் பொருந்த ஆரம்பித்த அன்றே. நான் விடவில்லை. வெள்ளி சாயங்காலம் தொடங்கி நட்சத்திரம் தெரிகிற வரைக்கும் ஒரு குண்டூசியைக் கூட வாசல் தாண்டிக் கொண்டுபோவதில்லை. மழை பெய்தால் குடை இல்லாமல் நனைந்துகொண்டு போகிறேன். அக்கம்பக்கத்தார் என்னைப் பெரிய பக்தை என்று நினைக்கிறார்கள். கடவுளோடு நான் பேசிப் பல வருடம் ஆகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, வேலைக்குப் போகிற வழியில் பென்னோ வந்தான். தலையெல்லாம் நனைந்து நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சல். சீருடையோடு நின்றுகொண்டே என்னைப் பார்த்தான்.

"உனக்கே நம்பிக்கை இல்ல. அப்புறம் எதுக்குக்கா இந்த வேஷம்? விட்டுத் தொலையேன்."

"எப்படிடா விடறது?" என்றேன். "இப்ப விட்டா, அன்னிக்கே விட்டிருக்கலாம்னு ஆயிடும்ல."

அவன் மணி பார்த்துவிட்டு வேலைக்குப் போனான்.